தேவாலயம் போனது, கோபுரம் நின்றது: பாரிஸ் சேன் ழாக் கோபுரம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பாரிஸ் நகரின் நடுவே, ரிவோலி வீதியை ஒட்டிய சிறு பூங்காவில், சுமார் 54 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணிக்கோபுரம் தனியாக நிற்கிறது. அதில் மணி இல்லை, பக்கத்தில் தேவாலயமும் இல்லை. 1509இல் தொடங்கி 1523இல் கட்டி முடித்த கோபுரம் இது. இது சேர்ந்திருந்த சேன் ழாக் த லா பூஷ்ரி தேவாலயத்தை 1797இல் இடித்துவிட்டார்கள்.

இந்த ஆய்வு இரண்டு கேள்விகளைப் பின்தொடர்கிறது. முழுத் தேவாலயமும் கல்விலைக்குப் போனபோது கோபுரம் மட்டும் எப்படித் தப்பியது? துணையிழந்து நின்ற பிறகு அதன் கல்லுக்கும் கடைக்காலுக்கும் என்ன நேர்ந்தது? முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவதற்குத்தான் நிறைய இடம் வேண்டும். பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்களுக்குப் பயன்படுவதும் அதுவே.

இருந்த தேவாலயம்

அது புனித சந்தியாகப்பரின் (பிரெஞ்சில் சேன் ழாக்) பெயரில் எழுந்த பங்குக்கோயில். அக்கம்பக்கம் முழுதும் கசாப்புக் கடைகள். நகரின் பெரிய இறைச்சிச் சந்தை அந்தப் பேட்டையில்தான் இருந்தது, கோயிலின் பெயரிலேயே கசாப்பு (பிரெஞ்சில் பூஷ்ரி) ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தே கொம்பொஸ்தெலாவுக்கு நடைப்பயணமாகப் போகிறவர்கள் இங்கே கூடுவார்கள். பிறகு சேன் ஆற்றைக் கடந்து, தெற்கே தூர் நகரம் வழியாகப் போகும் பாதையைப் பிடிப்பார்கள். இந்தத் தொடர்பினால்தான் 1998இல் யுனெஸ்கோ பிரான்சின் சந்தியாகோ யாத்திரைப் பாதைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அதன் 78 உறுப்புகளுள் ஒன்றாக இந்தக் கோபுரமும் சேர்ந்தது.

கோயிலுக்கு வாரிக் கொடுத்தவர்களில் பெயர் நிலைத்தவர் நிக்கோலா ஃபிளமெல். கையெழுத்துப் படிகள் எடுத்தும் விற்றும் செல்வம் சேர்த்தவர். இரசவாதி என்ற கதை பிற்காலத்தில் கட்டியது. 1418இல் இறந்த அவரை இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கோயில் போன பின் அவருடைய கல்லறைப் பலகை ஒரு காய்கறிக் கடையில் கீரை நறுக்கும் பலகையாகக் கிடந்ததாகவும், அங்கிருந்து அதை மீட்டதாகவும் சொல்வார்கள். இன்று அது க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபுரத்தை ஒட்டிய இரண்டு தெருக்களுக்கு அவர் பெயரும் அவர் மனைவி பெர்னெல்லின் பெயரும் உண்டு.

கோபுரத்தைக் கட்டிய கொத்தர்களில் ழான் த ஃபெலான், ழூலியான் மெனார், ழான் த ரெவியே ஆகிய பெயர்கள் பதிவாகியுள்ளன. தீச்சுடர்போல் நெளிந்து மேலேறும் கல் வேலைப்பாடு கொண்ட பிற்காலக் கோதிக் பாணி. கல்லெல்லாம் சுண்ணாம்புக்கல். வேலைப்பாட்டின் ஆழத்தை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் மழைநீர் தங்கும் ஓர் இடம். பின்னால் வரும் பழுதுகளில் பல இந்த மடிப்புகளில்தான் பிறக்கின்றன.

உயரம் செய்த முதல் வேலை

1648 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு அறிவியலாளர் பிளேஸ் பாஸ்கலின் மைத்துனர் ஃபுளோரான் பெரியே, உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறைகிறதா என்று பார்க்க, பாதரசக் குழாயோடு நடு பிரான்சின் புய் த தோம் மலையேறினார். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே பாதரச மட்டம் அன்றைய பிரெஞ்சு அளவில் 3 பூஸ் 1½ லீன் இறங்கியது. இன்றைய அளவில் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். அந்தச் செய்தி கிடைத்ததும் பாஸ்கல் அதே சோதனையைப் பாரிஸில் செய்து பார்த்தார். மலை இல்லாத ஊரில் அவருக்குக் கிடைத்த உயரம் இந்தக் கோபுரம்.

அவர் எழுதி வைத்த கணக்கு இது: கோபுர உயரம் 24 முதல் 25 துவாஸ், பாதரச மட்டத்தில் வித்தியாசம் இரண்டு லீனுக்குச் சற்று மேல். ஒரு துவாஸ் 1.949 மீட்டர், ஆக உயரம் 47 முதல் 49 மீட்டர். ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர், ஆக இறக்கம் 4.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பாதரசம் காற்றைவிடச் சுமார் 11,000 மடங்கு கனமானது என்பதால், தரைக்கு அருகில் 11 மீட்டர் ஏறினால் பாதரசம் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். 48 மீட்டருக்கு 4.4 மில்லிமீட்டர். கையால் ஊதிய கண்ணாடிக் குழாயும் கோடு கிழித்த அளவுகோலும் வைத்துக்கொண்டு அவர் எடுத்த அளவு இவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது. அவர் சொன்ன 48க்கும் இன்றைய 54க்கும் உள்ள இடைவெளியைக் கண்டு அவர் அளவைச் சந்தேகிக்க வேண்டாம். அன்றைய தரை இன்றைய தரை அல்ல. அது ஏன் மாறியது என்பதைக் கீழே பார்ப்போம்.

இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. மணியடிப்பதற்கு அப்பால் கோபுரத்தின் உயரமே ஒரு கருவியாகப் பயன்படும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் கோபுரத்தைக் காத்ததும், அதைக் காயப்படுத்தியதும் இந்த உயரத்தின் பயன்பாடுதான்.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை

பிரெஞ்சுப் புரட்சி தேவாலயச் சொத்துகளைத் தேசிய உடைமை ஆக்கியது. கோயில்கள் மூடப்பட்டன, மணிகள் உருக்குவதற்குப் போயின. மூடிய கோயில்களை அரசு ஏலத்தில் விற்றது. வாங்குபவர் பார்த்தது வழிபாட்டிடத்தை அல்ல. எத்தனை கனமீட்டர் வெட்டுக்கல், எத்தனை உத்தரம், கூரையில் எவ்வளவு ஈயத் தகடு என்பதைத்தான். நகரின் நடுவே இருந்த கோயில்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசமாக வேலை செய்தது. கல்லைப் பிரித்தெடுத்தால் கையில் காசு, காலியாகும் மனையும் காசு.

இந்தக் கோயிலை விற்றபோது, கோபுரத்தை இடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. ழிரோ என்ற கட்டடக் கலைஞரின் முயற்சி அது. அழகுக்காகவோ பழமைக்காகவோ கோபுரம் தப்பியதாகப் பலர் நினைக்கிறார்கள். கோயில் அதைவிடவும் பழமையானது, அது தப்பவில்லை. கோபுரத்தைக் காத்தது வாங்கியவரைக் கட்டுப்படுத்திய எழுத்து.

ஆனால் அந்த எழுத்தில் இருந்த ஓட்டையையும் பார்க்க வேண்டும். 'இடிக்காதே' என்பது பராமரிக்கச் சொல்வதாகாது. உள்ளே என்ன செய்யலாம், எதை அகற்றக் கூடாது, தீ மூட்டலாமா என்ற எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லாது. வெளிச்சுவர் நின்றால் போதும், நிபந்தனை நிறைவேறிவிடும். மரபுக் கட்டடத்தைத் தனியாருக்கு விற்கிற எவரும் இன்றும் செய்யும் பிழை இது. நிபந்தனையில் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்த எந்தப் பகுதிகள் தொடக் கூடாதவை, உள்ளே அனுமதிக்கப்படும் பயன்பாடு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை யார் வந்து சோதிப்பது, மீறினால் சொத்து யாருக்குத் திரும்பும்.

ஒட்டிய கட்டடம் போனால் கோபுரத்துக்கு என்ன ஆகும்

கோயிலோடு இணைத்துக் கட்டிய கோபுரம் தன்னந்தனியாக நிற்பதற்குக் கட்டியது அல்ல. அதன் ஒரு பக்கம் உள்சுவராக இருந்திருக்கும். கோயிலின் வளைவுகள் கோபுரத்தின் மேல் சாய்ந்து தள்ளியிருக்கும், கோபுரத்தின் எடை அந்தத் தள்ளலை வாங்கியிருக்கும். கோயிலை எடுத்துவிட்டால் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலில், இதுவரை மழையே காணாத உள்முகச் சுவர் வெளியே வருகிறது. உள்சுவருக்குக் கொத்தர்கள் மிருதுவான, மலிவான கல்லை வைப்பது வழக்கம். வெளிப்புறத்தில் வைக்கும் நீர்வடிப் பிதுக்கமும் அங்கே இருக்காது. அந்த முகம் மற்ற மூன்றையும்விட வேகமாகத் தேயும். இரண்டாவது, கோயில் சுவர் கோபுரத்துக்குள் பல்லுப்பல்லாகக் கோத்திருந்த இடங்களில் குழிகளும் நீட்டிக்கொண்டிருக்கும் கல்முனைகளும் மிஞ்சும். அவற்றைச் சமமாக வெட்டி, நல்ல கல்லால் அடைக்காமல் விட்டால் தண்ணீர் நேராகச் சுவரின் வயிற்றுக்குள் போகும். இவ்வகைச் சுவர்களில் வெளித்தோலும் உள்தோலும்தான் வெட்டுக்கல். இடையே நிரப்பியது உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்த நிரப்பில் தண்ணீர் இறங்கிச் சாந்தைக் கரைத்தால் சுவர் வயிறு பிதுங்கும். மூன்றாவது, தள்ளல் ஒரு பக்கம் நின்றுபோனதால் கோபுரத்தின் எடை விழும் கோடு சற்றே நகர்கிறது. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் சாய்வோடு இது அடங்கிவிடும். கடைக்கால் ஒரே சீராக இல்லாத இடத்தில் அடங்காது.

கல் நசுங்கிவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. 50 மீட்டர் நேர்ச்சுவரை எடுத்துக்கொள்வோம். கனமீட்டருக்கு இரண்டு டன் என்று வைத்தால் அடியில் சதுர மீட்டருக்கு 100 டன், அதாவது ஒரு மெகாபாஸ்கல். மிருதுவான சுண்ணாம்புக்கல்கூட இதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆனால் ஆற்றங்கரை மண் அப்படித் தாங்காது. சதுர மீட்டருக்கு 20, 30 டன் தாண்டினாலே அமிழத் தொடங்கும் மண் நிறைய உண்டு. அதனால்தான் கடைக்காலைச் சுவரைவிடப் பல மடங்கு அகலமாகப் பரப்பி எடையைப் பகிர்கிறார்கள். உயர்ந்த பழங்கோபுரம் ஒன்றைச் சோதிக்கப் போகிறவர் கண்ணை மேலே ஓட்டுவதற்கு முன் காலடியைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

ஈயக் குண்டு வார்த்த காலம்

தனியார் கைக்குப் போன கோபுரம் வேட்டைத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டு வார்க்கும் பட்டறையாயிற்று. கோயில் நின்ற மனையில் பழந்துணிச் சந்தை முளைத்தது.

இந்தத் தொழில்முறைக்கு 1782இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் காப்புரிமை பெற்றிருந்தார். உச்சியில் உலை. அங்கே ஈயத்தை உருக்குவார்கள் (327 டிகிரியில் உருகும்). அதில் சிறிதளவு ஆர்செனிக் சேர்ப்பார்கள். அது இல்லாவிட்டால் துளி வால் விட்டு நீளும், சேர்த்தால் உருண்டு திரளும். உருகிய ஈயத்தைத் துளையிட்ட சட்டியில் ஊற்றினால் துளித்துளியாகக் கீழே விழும். விழும்போதே பரப்பு இழுவிசையால் உருண்டையாகி, காற்றில் தோல் இறுகி, அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் விழுந்து குளிரும். 45 மீட்டர் விழ மூன்று நொடி. பெரிய குண்டு வேண்டுமானால் அதிக உயரம் வேண்டும். துளி பெரிதானால் இறுக நேரம் அதிகமாகும், இறுகாமல் தண்ணீரில் அடித்தால் சப்பட்டையாகிவிடும். எடுத்த குண்டுகளைச் சாய்ந்த மேசையில் உருட்டுவார்கள். நன்கு உருண்டவை நேராக ஓடி விழும், கோணலானவை பாதியில் நின்றுவிடும் அல்லது பக்கவாட்டில் ஒதுங்கும், அவை மீண்டும் உலைக்குப் போகும்.

மணிக்கோபுரம் இதற்குப் பொருந்திய காரணம் தெளிவு. உயரம் உண்டு, நான்கு பக்கச் சுவர் காற்றைத் தடுக்கும், ஏறப் படிக்கட்டு உண்டு. தடையாக இருந்தவை இடைத்தளங்கள் மட்டுமே. துளி தடையின்றி விழ வேண்டுமானால் அவற்றை அகற்ற வேண்டும் அல்லது துளைக்க வேண்டும். இங்கேதான் காயம் உண்டாகிறது. இடைத்தளங்கள் வெறும் தரை அல்ல. நான்கு சுவர்களையும் இடையிடையே பிடித்து நிறுத்தும் கட்டுகள் அவை. அவற்றை எடுத்தால் சுவர் முழு உயரத்துக்கும் பிடிப்பில்லாமல் நிற்கும். காற்றுக்கும் வெப்ப விரிவுக்கும் ஆடும் இடம் கூடும்.

உச்சியில் எந்நேரமும் நெருப்பு இருந்ததால் தீ விபத்தும் நேர்ந்தது. தீப்பட்ட சுண்ணாம்புக்கல்லைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி நிறம். 250, 300 டிகிரி தாண்டினால் கல்லில் உள்ள இரும்புச் சத்து நிறம் மாறி, மங்கிய வெண்கல் இளஞ்சிவப்பாகும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தையாக ஒலிக்கும். 800 டிகிரிக்கு மேல் போனால் கல்லே சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அடுத்த மழையில் உதிரும். பட்டறையாகவோ கிடங்காகவோ ஒருகாலத்தில் இருந்த எந்தக் கல் கட்டடத்திலும் உள்முகத்தில் இந்தச் சிவப்பு வளையத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். பூச்சு மறைத்திருந்தால் ஓரிடத்திலாவது பூச்சை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறிவியலாளரும் அரசியலாளருமான பிரான்சுவா அராகோவின் வற்புறுத்தலால், 1836இல் பாரிஸ் நகராட்சி கோபுரத்தை 2,50,100 பிராங்க் கொடுத்து வாங்கியது. ஆக, விற்பனைப் பத்திரத்தின் அந்த ஒரு வரி ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலத்தை வாங்கித் தந்தது. தொழிலில் வருமானம் இருந்ததும் அதற்கு உதவியது என்றே கொள்ள வேண்டும். பயனற்றுக் கிடந்திருந்தால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி யாராவது விண்ணப்பம் போட்டிருப்பார்கள்.

தரை இறங்கியது

1850களில் ரிவோலி வீதியைக் கிழக்கே நீட்டினார்கள். கோபுரம் நின்றது ஒரு மேட்டில், வீதியோ சமதளமாக வேண்டும். பாரிஸை அகன்ற வீதிகளோடு மாற்றியமைத்த நிர்வாகி ஓஸ்மான் காலத்து முறைப்படி மேட்டை வெட்டித் தள்ளினார்கள். கோபுரத்தின் கடைக்கால் மண்ணுக்கு மேலே தெரியத் தொடங்கியது.

தரையை வெட்டுவது ஏன் ஆபத்து? கடைக்காலைச் சுற்றி அமர்ந்திருக்கும் மண், அடியில் உள்ள மண் பக்கவாட்டில் பிதுங்கி எழாமல் அமுக்கிப் பிடிக்கிறது. அந்த மேல்மண்ணை எடுத்தால் அடிமண்ணின் தாங்குதிறன் குறையும். கடைக்காலையே தொடாமல், பக்கத்து மண்ணை மட்டும் வெட்டி ஒரு கோபுரத்தைச் சாய்க்க முடியும். சென்னையில் பக்கத்து மனையில் ஆழமாக வானம் தோண்டியதால் வீட்டுச் சுவர் விரிந்த கதை கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. இயங்கும் விதி ஒன்றே.

தீர்வு, பழைய கடைக்காலுக்கு அடியில் ஆழமாகப் புதுக் கடைக்கால் கட்டுவது. முழுச் சுற்றையும் ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது என்பதே இதில் அடிப்படை. சுவரை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டுகளாகப் பிரித்து எண் போட வேண்டும். 1, 4, 7 என்று விலகிய துண்டுகளை முதலில் தோண்டி, கெட்டி மண் வரை இறங்கி, கட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். புதுக் கட்டுக்கும் பழைய அடிக்கும் இடையே விரலளவு இடைவெளி விட்டு, புதுச் சாந்து இறுகிச் சுருங்கிய பிறகு அந்த இடைவெளியில் ஈரங்குறைந்த கெட்டிச் சாந்தை அடித்துத் திணிக்க வேண்டும். அது இறுகிய பின்பே 2, 5, 8. இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் கட்டி முடித்தால் சாந்து சுருங்கும்போது பழைய சுவர் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். மேலே விரிசலாக அது தெரிய வரும். வேலை நடக்கும் காலம் முழுதும் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தினமும் அளவு எடுப்பதும் கட்டாயம்.

1854 முதல் 1858 வரை கட்டடக் கலைஞர் தியோடோர் பல்லூ பொறுப்பேற்றுக் கோபுரத்தைச் சீர்செய்தார். தாழ்ந்த தரைக்கும் கோபுர அடிக்கும் இடையே படிகளோடு கூடிய கல்மேடை கட்டினார். இன்று கோபுரம் பீடத்தின் மேல் வைத்த சிலைபோல் தெரிவதற்கு இந்த மேடைதான் காரணம். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, கோயிலின் வாசல்மட்டம் எங்கே இருந்தது என்பதை மறைத்தும்விட்டது. இடத்தின் வரலாற்றைப் படிக்க வருகிறவருக்கு இது இழப்பே. அடிவளைவின் கீழ், கவெலியே வடித்த பாஸ்கல் சிலை இருக்கிறது. உச்சியில் புரட்சிக் காலத்தில் தள்ளிவிட்ட சந்தியாகப்பர் சிலைக்குப் பதில் புதிதாக ஒன்றை ஷெனியோன் செய்தார். நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்கள் மூலைகளில் உள்ளன. சுற்றிலும் பொறியாளர் அல்ஃபான் அமைத்த தோட்டம். பாரிஸில் ஓஸ்மான் காலத்தில் உருவான முதல் சதுக்கப் பூங்கா அது. 1862இல் கோபுரம் வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலில் ஏறியது.

பழுதுபார்ப்பு உண்டாக்கும் பழுது

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கோபுரம் முழுதும் சாரமும் திரையும் போர்த்தி நின்றது. கல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது, அஞ்சிய அளவுக்குச் சேதம் இல்லை, பெரும்பாலான கற்களை மாற்றாமலே காக்கலாம் என்று தெரிந்தது. 2009இல் பூங்கா மீண்டும் திறந்தது. பெருஞ்செலவில் சாரம் கட்டிச் சோதிப்பது வீண் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தரையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்து மதிப்பிட்டிருந்தால் தேவையற்ற கல்மாற்றம் நடந்திருக்கும். ஒவ்வொரு கல்மாற்றமும் 16ஆம் நூற்றாண்டு உளியின் தடம் ஒன்றை அழிக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பெரிதாகச் சீர்செய்த கோதிக் கட்டடம் ஒன்றை இன்று கையில் எடுப்பவர், முதலில் அந்தச் சீரமைப்பையே சோதிக்க வேண்டும். அப்போதைய வேலைகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை.

சிமெண்ட் சாந்து. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மிருது, நீராவியை விடும். சுவருக்குள் புகுந்த ஈரம் சாந்து மூட்டு வழியாக வெளியேறும், தேய்வதும் சாந்துதான், சில பத்தாண்டுக்கு ஒருமுறை மூட்டைச் சுரண்டிப் புதுப்பித்தால் போதும். சிமெண்ட் மூட்டு வைத்தால் ஈரம் கல் வழியாக வெளியேறும், உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படியும், உறைபனியில் அந்தத் தோல் செதில்செதிலாகக் கழன்று விழும். மூட்டு மட்டும் விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இது சட்டென்று தெரியும். சரிசெய்ய, சிமெண்டைக் கையுளியால் மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது இரண்டரை சென்டிமீட்டராவது எடுத்து, ஒரு பங்கு நீர்ச்சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் கலந்து அடைக்க வேண்டும். மின்சார அரைவை வெட்டியை மூட்டில் விடுவது கல்லின் விளிம்பைக் கொன்றுவிடும். பணம் மிச்சமாகிறது என்று இதை அனுமதிக்கும் மேற்பார்வையாளரை நாம் மன்னிக்க முடியாது.

இரும்பு. சிலையைப் பிடித்து நிறுத்த, பிதுக்கக் கல்லைக் கட்ட, இரும்புப் பட்டையைத் துளையில் இறக்கி ஈயம் ஊற்றுவார்கள். ஈயம் முழுமையாக மூடியிருக்கும் வரை கெடுதல் இல்லை. மேலே மூட்டு திறந்து தண்ணீர் இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கல் உள்ளிருந்தே பிளக்கும். விரிசல் நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து கிளைத்தால், அல்லது கல்லின் மூலை சீராக அரைவட்டமாகக் கழன்றால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம். உலோகமானியை ஓட்டி உறுதி செய்துகொண்டு, இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைப்பதே முடிவான தீர்வு.

புதுக் கல். பழைய கல்லைவிடக் கடினமான, துளை குறைந்த கல்லை ஒட்டுப் போட்டால் ஈரம் அதன் விளிம்பில் தேங்கிப் பக்கத்துப் பழைய கல்லை அரிக்கும். கல்லின் படுகை இன்னொன்று. சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. சுவரில் வைக்கும்போது அடுக்கு கிடைமட்டமாக இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் புத்தகத் தாள்போல் முகம் உரிந்துவரும். வெளியே நீட்டும் பிதுக்கக் கல்லுக்கு மட்டும் அடுக்கு செங்குத்தாக, முகத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் தட்டுத்தட்டாக விழும்.

கரும்படலம். நிலக்கரிப் புகையும் வாகனப் புகையும் கலந்த காற்றில் கந்தகம் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகிறது, கரியைச் சிறைப்பிடித்துக் கறுக்கிறது. மழை நேராக அடிக்கும் இடத்தில் அது கழுவிப்போய்க் கல் வெளுத்திருக்கும், பிதுக்கத்தின் கீழும் சிலையின் மடியிலும் மழை படாத இடத்தில் மேலோடாகத் தடிக்கும். கறுப்பு கழுவ வேண்டிய அழுக்கு என்று அமிலம் தெளிப்பவர்கள் கல்லையே கரைக்கிறார்கள். படலம் கழலும்போது கீழே உள்ள கல் மாவாகியிருக்கும் என்பதால், முதலில் அந்த மாவை இறுக்கி, பிறகே நுண்துகள் வீச்சு, ஈரக் களிம்பு, நுட்பமான சிற்பத்துக்கு லேசர் என்று போக வேண்டும்.

சாரம் பற்றியும் ஒரு சொல். 50 மீட்டர் உயரச் சாரத்துக்குத் திரை போர்த்தினால் அது பாய்மரமாகிவிடும். காற்றின் முழுத் தள்ளலும் சாரத்தைக் கட்டிய புள்ளிகள் வழியாகக் கோபுரத்துக்குப் போகும். பிடிப்புத் துளைகளைச் சாந்து மூட்டில் மட்டுமே போட வேண்டும், கல்லில் ஒருபோதும் கூடாது.

இன்றைய வேலை

1891இல் பாரிஸின் மோன்சூரி வானாய்வகம் உச்சியில் வானிலைக் கருவிகளை நிறுவியது. நகர நடுவில் தெருவெப்பத்துக்கு மேலே எடுக்கும் அளவுகள் என்பதால், மோன்சூரி பூங்காவுக்குள் இருக்கும் நிலைய அளவுகளோடு ஒப்பிட அவை பயன்படுகின்றன. பாஸ்கல் பாதரசக் குழாய் தூக்கிப்போன கோபுரத்துக்கு இது பொருத்தமான வேலை. கல்லுக்கும் தீங்கில்லாதது.

2013 முதல் வெயில் மாதங்களில் வழிகாட்டியோடு சிறு குழுக்களாக மேலே ஏற அனுமதி உண்டு. ஏறத்தாழ 300 படிகள், சுழல் படிக்கட்டு, மின்தூக்கி கிடையாது, முன்பதிவு அவசியம். நெரிசலுக்கு வரம்பு வைப்பது கட்டடத்துக்காகவும்தான். பழைய கல்படிகள் ஒரே இடத்தில் மிதிபட்டுக் குழிந்தால் அவற்றை மாற்றுவது எளிதல்ல.

மேலே ஏறாவிட்டாலும் கீழிருந்தே நிறையப் படிக்கலாம். தொலைநோக்கி இருந்தால் நல்லது. நிறம் வெளிறிய, விளிம்பு கூரிய கற்கள் பிற்காலத்தவை, விளிம்பு மழுங்கியவை பழையவை. நான்கு முகத்தையும் சுற்றி வந்து, எந்த முகத்தில் அலங்காரம் திடீரென்று நின்று வெறுஞ்சுவர் தொடங்குகிறது என்று பாருங்கள், கோயில் ஒட்டியிருந்த பக்கம் தெரியும். நேரம் வாய்த்தால் கனமழையின்போது போக வேண்டும். மழைநீர்த் தூம்புகளில் எது நீரைத் தூரத் தள்ளுகிறது, எது அடைத்துக்கொண்டு சுவரோடு வழிய விடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஈரம் காயாத திட்டுகள் எவையோ, அடுத்த சாரம் கட்டும்போது முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய கற்கள் அவையே.